எச்சரித்தவர்கள் எல்லாரையும் எதிரி லிஸ்டில் எழுதினேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு மாதமாக இழுத்துக்கொண்டே இருந்தேன். எழுதினால் ஒரு கூட்டம் "பாத்தியா, அப்பவே சொன்னோம்" என்று சொல்லும், இன்னொரு கூட்டம் "உனக்கு விசுவாசம் போதல" என்று சொல்லும். இரண்டுக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு தங்கச்சி போன் செய்தாள். அவளும் நர்ஸ்தான். "அக்கா, வேலையை விட்டுட்டு ஊழியத்துக்கு வரலாம்னு இருக்கேன், வீட்ல எல்லாரும் எதிர்க்கிறாங்க, இவ்ளோ எதிர்ப்பு வருதுன்னாலே அது கர்த்தரோட அழைப்புதான்னு அர்த்தம், இல்லக்கா?" என்று கேட்டாள். அந்தக் கடைசி வரி என்னுடைய வரி. 2022-ல் நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. அந்த வரிக்கு நான் கொடுத்தது 6,14,000 ரூபாய், ஆறு பவுன் நகை அடகும் அதில் அடக்கம். அப்புறம் இரண்டேகால் வருடம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கடலூர் ஓல்டு டவுன்காரி. ஜி.என்.எம். நர்ஸிங் டிப்ளமா முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 31,000. கல்யாணம் ஆகவில்லை, அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று தினமும் அதே பஸ், அதே ஸ்டாப்புகள். 2021 கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் சபைப் பெண்களோடு தேவனாம்பட்டினம் பக்கம் சுனாமி குடியிருப்பில் வீடு சந்திக்கப் போனோம். ஒரு வீட்டில் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுத்திருந்த அம்மா. பாயில் கிடந்தார். வீடெல்லாம் முகப்பவுடர் வாசனை, அதற்கு அடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு வாசனை. திருப்பிப் பார்த்தேன், இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அளவு படுக்கைப் புண். ஈரம் உறிஞ்சட்டும் என்று வீட்டுக்காரர் அதில் பவுடரைக் கொட்டி வைத்திருக்கிறார். பாய் ஓரத்திலிருந்து புண் வரைக்கும் ஓர் எறும்பு வரிசை. அந்தப் பெரியவர் கடலுக்குப் போய் வந்தவர், எழுபது வயதுக்கு மேல், கை காய்ப்புக் காய்ச்சிக் கிடக்கிறது. அந்தக் கையால் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் சலைனும் காஸ் துணியும் வாங்கிவரச் சொல்லி முக்கால் மணி நேரம் கழுவினேன். கிளம்பும்போது கேட்டார், "நாளைக்கும் வருவியாம்மா?"

என் அழைப்பு இவ்வளவுதான். சொப்பனம் வரவில்லை, யாரும் தீர்க்கதரிசனம் சொல்லவில்லை. அன்றிரவு தூங்க முடியவில்லை, அடுத்த வாரமும் முடியவில்லை. வியாதியாயிருந்தவனை விசாரிக்க வந்ததைப் பற்றி மத்தேயு 25-ல் வருகிறதே, அதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அந்த வாரம் அது என் பெயர் போட்டு வந்த கடிதம் மாதிரி இருந்தது. இன்றைக்கும் அது நிஜம் என்றுதான் நம்புகிறேன். நான் சொல்லப்போகும் எந்தத் தப்பும் அந்த அழைப்பின் தப்பு இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேவனாம்பட்டினத்தில் பார்த்ததை வைத்து நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்: ஒரு வீடு பிடிக்க வேண்டும், நாலைந்து கட்டில் போட வேண்டும், இப்படிக் கிடப்பவர்களை அங்கே கொண்டுவந்து கடைசிவரை பார்க்க வேண்டும். சொன்னதும் ஆரம்பித்தது. அம்மா, "போறதுன்னா போ, நகையைத் தொடாத. உனக்கு ஒரு ஜுரம் வந்தா அங்க யாரு பாக்கிறது, அதைச் சொல்லு முதல்ல" என்றாள். அண்ணன் கத்தினான், பைத்தியம் என்றான், அதற்கு நடுவில் "பாப்பா, பத்திரத்துல எழுதாம யாருக்கும் அட்வான்ஸ் குடுக்காத" என்றும் சொன்னான். பாஸ்டர் ஐயா ஜெபம் பண்ணிவிட்டு, "ஆரம்பத்துல பத்துப் பேரு காணிக்கைக் கவர் குடுப்பாங்கம்மா, ஆறு மாசத்துல அது மூணு பேரு ஆயிடும், அதையும் கணக்குல வெச்சுக்கோ" என்றார். எனக்கு வார்டில் வேலை கற்றுக்கொடுத்த மூத்த சிஸ்டர், ரிட்டயர் ஆனவர், அவர்தான் ரொம்ப நேரம் பேசினார். "அந்தம்மாவுக்குக் கட்டிலா வேணும்? வீட்டுக்கு வந்து பாக்கிற ஆளு வேணும். நீ வீட்டைப் பிடிக்காத, வண்டியைப் பிடி. சர்க்கார் ஏற்கெனவே என்ன செய்யுதுன்னு போய்ப் பாரு. பி.எஃப்.பை மட்டும் தொட்டுடாத" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜெப நோட்டில் ஒரு பக்கத்தில் "எதிர்ப்பு" என்று தலைப்புப் போட்டு இவர்கள் பெயரை எல்லாம் வரிசையாக எழுதினேன். ஒன்பது பெயர். தினமும் காலையில் அந்தப் பக்கத்தின்மேல் கைவைத்து, இந்தத் தடைகள் விலகட்டும் என்று ஜெபித்தேன். என்னைப் பெற்ற அம்மா பெயர் அதில் முதல் வரி. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு அது வீரமாக இருந்தது.

2022 ஜூனில் வேலையை விட்டேன். இரண்டு மாதம் கழித்து பி.எஃப். முழுவதையும் எடுத்தேன், 3,84,000 வந்தது. ஒன்று இங்கே சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருந்தால் பென்ஷன் பங்கைக் கையில் வாங்க முடியாது, அதற்கு ஸ்கீம் சான்றிதழ்தான் தருவார்கள், அது பிற்காலத்தில் பென்ஷனுக்கு உதவும். அதுவும் கிடைக்காதே என்று அன்றைக்கு ஆபீசில் போய்ச் சண்டை போட்டேன், இன்றைக்கு எனக்கென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். வேலையை விடுவது வேறு, பி.எஃப்.பைக் காலி பண்ணுவது வேறு. இரண்டையும் ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவு தனியாக வங்கியில் இருந்தால், அந்த ஒரு வருடத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுகளே வேறு மாதிரி இருக்கும். பணம் தீரும்போது வரும் பயத்தையும் ஆவியானவரின் ஏவுதலையும் பிரித்துப் பார்ப்பது எனக்குக் கைவரவில்லை, யாருக்கும் சுலபமாகக் கைவராது என்றே நினைக்கிறேன்.

வீடு குண்டு உப்பலவாடி பக்கம் கிடைத்தது. தரைத்தளம், மூன்று அறை, முன்னால் வேப்பமரம், வாடகை 9,500, அட்வான்ஸ் 80,000. ஓனரும் விசுவாசி என்பதால் வாய்ப்பேச்சோடு கொடுத்தேன். செப்டம்பரில் இரண்டு பேரோடு ஆரம்பித்து, ஒரு வருடத்தில் ஐந்து பேர். ஆயாம்மா ஒருவர், சமையல் நானே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், மூக்குக் குழாயில் ஊட்டினால் தலையை உயர்த்தி வைத்து அரை மணி நேரமாவது உட்கார வேண்டும், ராத்திரி அலாரம் வைத்து எழுந்திருப்பேன். அந்த வேலையில் எனக்கு ஒரு நாள்கூட வருத்தம் வந்ததில்லை. தேவனாம்பட்டினத்து அம்மாவின் புண் ஐந்து மாதத்தில் மூடியது, அதை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மாதம் 33,000 வரை செலவு, வந்தது 15,000. பாஸ்டர் ஐயா சொன்ன கணக்கு பெரிதாகப் பிசகவில்லை. ஏழாம் மாதம் கவர் கொடுத்தவர்கள் நான்கு பேர், அவர் சொன்னதைவிட ஒருவர் அதிகம். 2023-ல் நகை அடகுக்குப் போனது, 1,80,000. அண்ணனிடமே 50,000 கடன் வாங்கினேன். அவன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாமல் கொடுத்தான், அதுதான் ரொம்ப வலித்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் பத்தாவது பெயராக நோட்டில் ஏறினார். முதல் மாதமே கேட்டுக்கு வெளியே நின்று, "இன்னாம்மா, நோயாளிங்கள வெச்சுக்கிட்டு இங்கப் போய் வூடு புடிச்சிருக்கிற, பெண்ணையாத்துத் தண்ணி 2021-ல இந்தத் திண்ணை வரைக்கும் வந்துது, மாடி வூடாப் பாரு" என்றார். அடுத்த வருடம் அவரே முன்னால் நின்று 23 கையெழுத்து வாங்கி, சாவு வீடாக்குகிறார்கள், மதம் மாற்றுகிறார்கள் என்று கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார். விழுப்புரம் பக்கம் ஒரு காப்பகம் செய்தியில் அடிபட்டு எல்லாரும் உஷாராக இருந்த வருடம் அது. போலீஸ் வந்து விசாரித்தது, சமூகநல அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். அவர் கோபப்படவே இல்லை. முதியவர்களை வைத்துப் பராமரித்தால் இல்லமாகப் பதிவு பண்ண வேண்டும், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். நான் அந்தத் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு மூன்று நாள் உபவாசம் இருந்தேன். பதிவுக்கு ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. உபவாசம் தப்பே இல்லை, நாலாவது நாள் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும்.

மதமாற்றப் புகாரைப் பற்றியும் மனசாட்சிப்படி சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் மாற்றவில்லை. ஆனால் காலை ஐந்தரைக்கு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டேன், ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் வசனம் ஒட்டியிருந்தேன், ஐந்து பேரில் மூன்று பேர் இந்துக் குடும்பம். வேண்டாம் என்று சொல்லக்கூட நாக்கு எழாதவர் தலையில் கைவைத்து ஜெபித்தால், அவர் சம்மதித்தார் என்று எப்படிச் சொல்வது? இப்போது கேட்டுவிட்டுத்தான் ஜெபிக்கிறேன். குடும்பத்தார் திருநீறு பூச வந்தால் நகர்ந்து வழிவிடுகிறேன். இதனால் என்னை விசுவாசத்தில் வெதுவெதுப்பானவள் என்று சொன்ன சபைக்காரர்கள் உண்டு, சொல்லட்டும்.

பணத்தில் செய்த பெரிய தப்பு, காணிக்கை எல்லாம் என் சொந்த ஜிபே நம்பருக்கு வந்தது. என் கைக்காசு எது, கொடுத்தவர்கள் காசு எது என்று எனக்கே தெரியாது. எங்கள் கடலூரிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1740-ல் இங்கே வந்த கியர்நாண்டர் என்கிற மிஷனரி, 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு கோவில் கட்டினார். வயதான காலத்தில் கடனில் மூழ்கினார். கோவிலும் அவருடைய சொத்துக் கணக்கிலேயே இருந்ததால் அதுவும் கடன்காரர்கள் பிடிக்குள் போய்விட்டது, இன்னொருவர் 10,000 ரூபாய் கட்டித்தான் மீட்டார். அவர் உண்மையுள்ள ஊழியர், அதில் சந்தேகமில்லை. உண்மை உங்கள் கணக்கைத் தானாகப் பிரித்துவைக்காது. டிரஸ்ட் பத்திரம் சார்பதிவாளர் ஆபீசில் பதியுங்கள், டிரஸ்ட் பெயரில் பான் கார்டு, தனி வங்கிக் கணக்கு, வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், இதெல்லாம் ஒரு நல்ல ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது என்பதைக்கூட நான் ஒருவரிடம் திட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டிலிருந்து பாசத்தோடு யாராவது பணம் அனுப்புகிறேன் என்றால், எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ அனுமதியோ இல்லாமல் ஊழியத்துக்கென்று ஒரு ரூபாய் வாங்காதீர்கள்.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் முழுக்க மழை. கரண்ட் இல்லை. அப்போது என்னிடம் நான்கு பேர். திங்கட்கிழமை, 2-ம் தேதி, பெண்ணையாற்றில் மேலே இருக்கிற சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்று செய்தி. நான் என்ன செய்தேன் என்றால் நோயாளிகளை நடு அறைக்கு இழுத்து, மெழுகுவத்தி ஏற்றி, ஆயாம்மாவோடு முழங்காலில் நின்றேன். கேட்டை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். எதிர்வீட்டுப் பெரியவர். "இன்னும் கிளம்பல?" "ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கோம் ஐயா." "ஜெபத்த ஸ்கூலு மாடியில ஏறிப் பண்ணு, இப்ப நவுரு!" அவர் மகன்கள் இரண்டு பேர் டிராக்டர் கொண்டுவந்தார்கள். மரக்கதவு ஒன்றைக் கழற்றி, அதன்மேல் ஒவ்வொருவராக வைத்துத் தூக்கினார்கள். பெரியவர் குடையை நோயாளிக்குப் பிடித்துக்கொண்டு நனைந்தபடியே நடந்தார், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ராத்திரி தண்ணீர் ஜன்னல் வரை ஏறியது. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், காற்று மெத்தைகள், கட்டில், மருந்து, அரிசி எல்லாம் சேறு. நான்கு பேரில் இரண்டு பேரை வீட்டார் வந்து கூட்டிப்போனார்கள், ஒருவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்னொரு அம்மா பதினொரு நாள் கழித்து நெஞ்சுச் சளி கட்டி இறந்தார். ஏற்கெனவே நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்தான், டாக்டரும் அதையே சொன்னார். ஒரு நாள் முன்னாலேயே நகர்த்தியிருந்தால் அந்த ஈரம் அவர்மேல் பட்டிருக்காது என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பெரியவர் இன்றுவரை என்னோடு சிரித்துப் பேசியதில்லை. மனுவையும் வாபஸ் வாங்கவில்லை. ஓனர் அட்வான்ஸில் 30,000 திருப்பிக் கொடுத்தார், மீதி ரிப்பேருக்குப் போயிற்று என்றார், கேட்க என் கையில் ஒரு பேப்பரும் கிடையாது. இப்போதைய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்பதையும் அண்ணன் சொன்னதையும் சேர்த்து அன்றைக்கு யோசித்தேன்.

பள்ளிக்கூட முகாமில் மூன்று ராத்திரி. தூக்கம் வராமல் போன் வெளிச்சத்தில் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 21 வாசித்தேன். வேலையை விடும்போது நான் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு போன அதிகாரம் அதுதான். செசரியாவில் பிலிப்பு வீட்டில் அகபு என்கிற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்காரனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்று சொல்கிறான். எல்லாரும் போகாதே என்று அழுகிறார்கள், பவுல் போகிறான். இருபது தடவையாவது வாசித்திருப்பேன், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது: அகபு போகாதே என்று சொல்லவே இல்லை. நடக்கப்போவதைச் சொன்னான், அவ்வளவுதான். போகாதே என்பது கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டது. பவுலும் அப்படியெல்லாம் நடக்காது என்று அகபுவை மறுக்கவில்லை, கட்டுவார்கள் என்று தெரிந்தே போனான். (அதே அதிகாரத்தில் தீரு பட்டணத்துச் சீஷர்கள் ஆவியின் ஏவுதலால் போகவேண்டாம் என்று சொன்னதாகவும் இருக்கிறது, அதை வைத்துப் பெரிய வாதமே உண்டு, எனக்கு அந்தப் படிப்பு இல்லை.) இன்னும் இரண்டு அதிகாரம் தள்ளிப் போனால், பவுலைக் கொல்லும்வரை சாப்பிட மாட்டோம் என்று நாற்பது பேருக்கு மேல் சபதம் போடுகிறார்கள். பவுலின் அக்காள் தங்கச்சி யாரோ ஒருத்தி மகன் வந்து அவன் காதில் போடுகிறான். பவுல் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று உட்கார்ந்திருக்கவில்லை, பையனைச் சேனாபதியிடம் அனுப்பினான். ராத்திரியோடு ராத்திரியாக 200 காலாட்கள், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் காவலோடு ஊரைவிட்டுக் கிளம்பிப்போனான். சங்கிலிக்குப் பயப்படாத அதே ஆள்தான்.

நோட்டு பையில் இருந்தது, ஓரம் மட்டும் நனைந்திருந்தது. "எதிர்ப்பு" பக்கத்தை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்கள் சொன்ன வார்த்தையை ஞாபகப்படுத்தி எழுதினேன். பைத்தியம், குடும்ப மானம், ஊர் சிரிக்கும், இதெல்லாம் பயம், அதை அடித்துவிட்டேன். அடிக்க முடியாமல் நின்றது: அட்வான்ஸுக்குப் பத்திரம், மூன்று கவர், பி.எஃப்., வண்டியைப் பிடி, சர்க்கார் என்ன செய்யுது பாரு, மாடி வீடு, ஜுரம் வந்தால் யார். ஏழும் சரியாகத்தான் இருந்தது. இந்த வேலையை அவர்கள் பேசிய வாரமே பத்து நிமிஷத்தில் முடித்திருக்கலாம். ஏழில் ஒன்றுகூட அந்த அம்மாவின் புண்ணைக் கழுவாதே என்று சொல்லவில்லை.

இப்போது வீடு இல்லை. 2025 மார்ச்சிலிருந்து வாரம் மூன்று நாள் ஒரு கிளினிக்கில் வேலை, 14,000 சம்பளம். கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் பார்த்தவனும் பவுல்தானே. மற்ற நாள் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போகிறேன், ஒன்பது பேர் இருக்கிறார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது, வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு. நான் அழைப்பைக் கேட்ட டிசம்பருக்கு நாலு மாதம் முன்னால்! ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸோடு இப்போது பேசி வைத்துக்கொண்டு, அவர்கள் போக முடியாத நாளில் நான் போகிறேன். வலி தாங்காத கேன்சர் நோயாளிக்கு மார்ஃபின் வேண்டுமென்றால் அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரி வழியாகத்தான் கிடைக்கும், அதையும் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் வாங்கிக்கொடுக்க முடிகிறது. நகையில் இரண்டு பவுன் மீட்டாயிற்று. அண்ணன் கடன் பாக்கி.

அந்தத் தங்கச்சிக்கு என்ன சொன்னேன் என்றால், ஒரு பேப்பரை எடு, எதிர்க்கிறவங்க ஒவ்வொருத்தரும் என்ன வார்த்தை சொன்னாங்களோ அதை அப்படியே எழுதி எனக்கு அனுப்பு என்றேன். பதினொரு வரி வந்தது. எட்டு வரி அழுகையும் சாபமும். ஏழாவது வரி அவளுடைய மாமனார்: "கிராமம் கிராமமாப் போறேங்கிற, உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா முதல்ல?" நானும் அதையே கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. இந்த வாரம் எல்.எல்.ஆர். எடுக்கப் போயிருக்கிறாள்.